பதினொன்று புள்ளி நான்கு

கைக்கடிகாரம் சொல்கிறது:
பதினொன்று புள்ளி நான்கு கிலோமீட்டர்.
பீடோங் சந்தையில் கிளம்பியிருந்தால்
சுங்கை பட்டாணிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.
நானோ
ஒரு பாடாங்கை விட்டு வெளியே வரவில்லை.

கோயில் பக்கம் ஒரு கோல்,
கிளினிக் பக்கம் ஒரு கோல்,
நடுவில் மாட்டுக் குளம்புத் தடம்,
அதில் நேற்றைய மழை.
மூலைக்கு மூலை குறுக்காக ஓடு என்று
அலோர் ஸ்டார் வகுப்பில் சொல்லித் தந்தார்கள்.
மூலை சேறாக இருந்தால் என்ன செய்வதென்று
சொல்லித் தரவில்லை.

முன்னோக்கி எவ்வளவு,
பின்னோக்கி எவ்வளவு,
பந்துக்கு வழிவிட்டு
நண்டாய் நகர்ந்தது எவ்வளவு
என்று கடிகாரம் பிரித்துச் சொல்வதில்லை.
மொத்த எடைதான் அதற்குத் தெரியும்.

எனக்கு அது போதாது.
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
குலைகளோடு லோரி ஏறும்போது ஒரு எண்,
காலியாய்த் திரும்பும்போது ஒரு எண்,
கழித்தால் வருவதுதான் பழம்.
ஞாயிறு இரவு
வெந்நீரில் கால் வைத்தபடி
என்னையும் கழித்துப் பார்ப்பேன்:
ஓடியதில் எது லோரி, எது பழம்?

வேலைக்கு முன்னால் விடிகாலைப் பயிற்சி,
தோட்டத்து லாட்ரைட் பாதையில்.
மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்.
ஐந்து மரம் வேகம், இரண்டு மரம் நடை.
கூட வரும் நாய்
நான்காவது மரத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆட்டக்காரனுக்கு மாற்றாள் உண்டு.
கால் பிடித்துக்கொண்டால்
ஐஸ் பையோடு ஒரு பையன் ஓடி வருவான்.
எனக்கு வந்ததெல்லாம்
வேலியோரத்திலிருந்து ஒரு குரல்:
"தங்கச்சி, வீட்டுல சோறு ஆக்கியாச்சா?"
அந்த நேரம் நான்
அவன் டீம் கோல்கீப்பரைவிட
ஏழு கிலோமீட்டர் முன்னால் இருந்தேன்.

இத்தனை ஓட்டமும் எதற்கு?
பந்தைத் தொட அல்ல.
தப்பித்தவறி என் காலில் பட்டால்
இரண்டு பக்கமும் ஒற்றுமையாய்த் திட்டும்.
பக்கத்தில் இருப்பதற்கு.
ஒரு கை, ஒரு முழங்கால், ஒரு கோடு,
மூன்றும் சந்திக்கும் அரை நொடியில்
பக்கத்தில் இருப்பதற்கு.

எண்பத்தேழாவது நிமிடம்.
மூன்றாம் டிவிஷன் பத்துமலை
பெனால்டி பெட்டிக்குள் விழுந்தான்.
நான் மூன்று மரத் தூரம் பின்னால்.
இடையில் ஒரு முதுகு, ஏழாம் எண்.
விசில் பல்லில் இடித்தது.
பார்க்காததை ஊத முடியாது.
ஊதவில்லை.
ஆட்டம் தொடரட்டும் என இரு கையும் நீட்டினேன்;
என் கைகள் அத்தனை நீளம் என்று
அன்றுதான் தெரிந்தது.
ஒன்றுக்குப் பூஜ்யம். முடிந்தது.
தண்ணீர்ப் போத்தல் ஒன்று காதோரம் பறந்தது.
மூடி கழன்றிருந்ததால்
கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது.

அறுபது ரிங்கிட், கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
மோட்டாருக்கு எண்ணெய் ஐந்து.
சப்பாத்தின் அடியிலிருந்து
அரைப் பாடாங்கைத் தட்டிக் கொட்டினேன்.

திங்கள் காலை ஏழரை, மூன்றாவது லோரி.
மேடை ஒருமுறை குலுங்கி நின்றது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துமலை,
முழங்கையில் மஞ்சள் மருந்து.
எண்ணைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
"இங்க மட்டும் சரியா பாக்குறீங்க, கிராணி."

இங்கே நான் ஓட வேண்டியதில்லை,
பொருள்தான் என்னிடம் ஏறி வருகிறது.
அதைச் சொல்லவில்லை.
"இறக்கிட்டு வா,
கழிச்சுப் பாத்துதான் சீட்டு" என்றேன்.

அவன் திரும்ப இருபது நிமிடம்.
அறைக் கதவிலிருந்து மேடையின் அந்த ஓரம் வரை
அடி வைத்து எண்ணினேன்.
மூன்று மரத் தூரம்.

காலி லோரி அந்த ஓரத்தில் வந்து நின்றது.
இங்கிருந்து பார்த்தால்
நம்பர் பிளேட் தெரிகிறது,
டயரில் ஒட்டிய செம்மண் தெரிகிறது,
ஜன்னலில் தொங்கும் முழங்கை கூடத் தெரிகிறது.
பத்துமலை சிரிக்கிறானா
என்பது மட்டும்
தெரியவில்லை.